குடை என்கிட்ட தான் இருக்கு: ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். பேரு போட முடியாது, மன்னிச்சிக்கோங்க. எனக்கு ரெண்டு பேரு, ஒண்ணு அப்பா அம்மா வச்சது, இன்னொண்ணு பேப்பர்காரங்க வச்சது, ரெண்டையும் ஒரே இடத்துல எழுதினா எனக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு உதவி செஞ்ச உங்க வீட்டு வாசல்ல தான் நாளைக்கு கேமராவோட கூட்டம் நிக்கும். அதனால நீங்க செஞ்சத மட்டும் சொல்றேன், யாரச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும். சரி, நான் யாருன்னா, பறக்குற ஆளு. ஒரு காரத் தூக்கிருவேன், ரெண்டுன்னா இடுப்பு புடிச்சிக்கும். காது மத்தவங்கள விட ரொம்ப ரொம்ப நல்லா கேக்கும். சூப்பர்ஹீரோன்னு சொல்லிக்க இப்ப கூட கூச்சமா தான் இருக்கு, அதுவும் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷமா பிளாட்பாரத்துல படுத்துக் கிடந்துட்டு அந்த வார்த்தைய எழுத கை வரல.

மொதல்ல என் வீட்டுக்காரியப் பத்தி சொல்லணும், இல்லன்னா மீதி எதுவும் புரியாது. எனக்கு இந்த காது வந்ததுல இருந்து ராத்திரி தூக்கம் கிடையாது, எங்கயாவது ஒரு அலறல், ஒரு பிரேக் சத்தம் கேட்டுட்டே இருக்கும். கல்யாணம் ஆனப்புறம் தான் தூங்கினேன். அவ நெஞ்சுத் துடிப்பு ஒண்ண மட்டும் புடிச்சிக்கிட்டா மத்த சத்தம் எல்லாம் தள்ளிப் போயிரும். ஊர்ல எந்த மூலைல இருந்தாலும் அத வச்சே வீட்டுக்கு வந்துருவேன், வழி பாக்கவே மாட்டேன். அவ்ளோ கேக்குற எனக்கு அவ வயித்துல வளந்தது கேக்கல. கட்டிக்கு சத்தம் கிடையாதுங்க. டாக்டர் ஸ்கேன் பாத்து சொன்னப்ப தான் தெரிஞ்சது, அப்பவே லேட்டு.

அவ போன அன்னிக்கு நான் ஆஸ்பத்திரில இல்ல. ஒரு பஸ் பள்ளத்துல சாஞ்சிருந்துச்சு, அவ தான் போயிட்டு வாங்கன்னு சொன்னா. முடிச்சிட்டு திரும்பி வரேன், இன்னும் ஒரு நாலு கிலோமீட்டர் இருக்கும், துடிப்பு நின்னுச்சு. சத்தம் ஒரு கிலோமீட்டர் தாண்ட கிட்டத்தட்ட மூணு செகண்ட் எடுக்கும், பள்ளிக்கூடத்துல மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணுவோமே அதே கணக்கு தான். அப்படின்னா அவ போயி பன்னெண்டு செகண்ட் வரைக்கும் எனக்கு மட்டும் அவ உயிரோட இருந்திருக்கா. இந்தக் கணக்க எத்தன ராத்திரி போட்டிருப்பேன்னு தெரியல. அந்த வார்டுல இருந்த நர்ஸ் அம்மா, நீங்க ஒண்ணு செஞ்சீங்க. நான் வந்து நின்னப்ப முகத்துல மாஸ்க் கழட்டாம அப்படியே வந்துட்டேன், நீங்க பாத்தீங்க, ஒண்ணுமே கேக்காம ஸ்கிரீன இழுத்து மூடிட்டு வெளிய போயி நின்னுக்கிட்டீங்க. இன்னிக்கு வரைக்கும் அத யார்கிட்டயும் சொல்லல நீங்க, சொல்லியிருந்தா எனக்கு கேட்டிருக்கும். நன்றிம்மா.

அப்புறம் காசு. எல்லாரும் கேக்குறது இதான், உனக்கு எப்படிப்பா காசு இல்லாமப் போச்சுன்னு. வைத்தியச் செலவுல சேமிப்பு போச்சு, வீடு போச்சு, கடன் மட்டும் நின்னுச்சு. வேலைல இருந்தும் தூக்கிட்டாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, மீட்டிங் நடுவுல பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு போயி நாலு மணி நேரம் கழிச்சு புகை வாடையோட வர்ற ஆள எத்தன நாள் வச்சிப்பாங்க. காப்பாத்தினவங்ககிட்ட காசு கேக்க வாய் வராது. கரிய கையால அமுக்கினா வைரம் ஆயிரும்ல, அத வித்து பொழைக்க வேண்டியது தானேன்னு ஒருத்தர் சீரியஸாவே கேட்டாரு. நானும் ஒரு நாள் அமுக்கிப் பாத்தேன், பொய் சொல்லல. அதுக்கு அழுத்தம் மட்டும் பத்தாது, ஆயிரம் டிகிரிக்கு மேல சூடும் சேந்து வேணும், 1954லயே ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்துல மெஷின் வச்சு செஞ்சிட்டாங்க, எனக்கு கை கறுத்தது தான் மிச்சம். அப்படியே வந்திருந்தாலும் தாடியும் கிழிஞ்ச சட்டையுமா ஒருத்தன் வைரத்தோட கடைக்குப் போனா மொதல்ல போலீஸ தான் கூப்பிடுவாங்க.

நம்ம நெலமை இப்படி இருக்கேன்னு நொந்துக்கிட்டு இருந்தப்ப தான் நூலகத்துல ஒண்ணு படிச்சேன். சூப்பர்மேன உருவாக்குன ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் ரெண்டு பேரும் 1938ல அந்த உரிமைய மொத்தமா 130 டாலருக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்புறம் உலகமே அந்த பாத்திரத்த வச்சு சம்பாதிச்சது, இவங்க கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சாங்க, படம் வரைஞ்ச ஷுஸ்டருக்கு கண்ணு கிட்டத்தட்ட தெரியாமலே போச்சு. 1975ல தான் ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் பென்ஷன் கெடச்சது, அதுவும் விஷயம் பத்திரிகைல வந்து பெரிசானப்புறம். கற்பனை சூப்பர்ஹீரோவ உருவாக்குனவங்களுக்கே இந்த கதின்னா நெசமானவன் எந்த மூலைக்குன்னு தனியா உக்காந்து சிரிச்சேன், ரொம்ப நாளுக்கு அப்புறம் வந்த மொத சிரிப்பு அது.

நூலகத்துல என்ன உக்கார விட்ட மேடம், உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். ரோட்டுல இருக்குறவங்களுக்கு ராத்திரில தூக்கம் வராது, யாரு எப்ப வந்து எத எடுப்பாங்க, எப்ப எழுப்பி விரட்டுவாங்கன்னு ஒரு கண்ணு தொறந்தே இருக்கும், அதனால பகல்ல எங்கயாவது உக்காந்தபடி தூங்கணும். உங்க நூலகத்துல தூங்கக்கூடாதுன்னு போர்டு இருக்கு. நீங்க ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய அட்லஸ எடுத்து என் முன்னாடி விரிச்சு வச்சிட்டு போவீங்க, தலை சாஞ்சாலும் படிக்கிற மாதிரி தெரியணும்னு. ஜன்னல் ஓரத்து பிளக் பாயிண்ட் பக்கத்து நாற்காலிய எனக்குன்னே விட்டு வச்சீங்க. போன் சார்ஜ் எவ்ளோ பெரிய விஷயம்னு வீட்டுல இருக்குறவங்களுக்குப் புரியாது, அது செத்துட்டா வேலைக்கு கூப்பிடுறவன் கூட கூப்பிட முடியாது.

இன்னொன்னு, ஏன் மேகத்துல போயி படுத்துக்கலன்னு கேக்காதீங்க, மேகம்னா வெறும் ஈரம். மேல போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறு ஆறரை டிகிரி குறையும், நனைஞ்ச சட்டையோட அங்க ஒரு ராத்திரி இருந்தா நானே வெறச்சிருவேன், தூங்கிட்டா கீழ வேற விழுவேன். விழுந்தேன் ஒரு தடவ.

வேஷம் பத்தி ஒரு வார்த்த. பத்து வருஷம் மாஸ்க் போட்டு முகத்த மறச்சேன், அப்பவும் யாராவது கண்டுபிடிச்சிருவாங்களோன்னு பயம். ரோட்டுல உக்காந்தப்புறம் மாஸ்க்கே தேவைப்படல. யாரும் முகத்தப் பாக்கல. நான் தீயில இருந்து தூக்கிட்டு வந்த ஒருத்தர் ஒரு நாள் என் காலத் தாண்டிப் போனாரு, போன்ல பேசிக்கிட்டே. கோவம் இல்ல, நானும் அப்படி எத்தன பேரத் தாண்டிப் போயிருப்பேன், நான் என்ன, மேல பறந்து போனேன், அவ்ளோதான் வித்தியாசம்.

செக்யூரிட்டி அண்ணே, இப்ப உங்களுக்கு. அந்த கட்டடத்து படிக்கட்டுக்குக் கீழ என்னப் பாத்துட்டு மேல இருந்து ஆர்டர் வந்துச்சு விரட்டுன்னு, எனக்கு கேட்டுச்சு. நீங்க வந்தீங்க, "தம்பி காலைல ஆறு மணிக்கு ஆபீசர் வருவாரு, அஞ்சே முக்காலுக்கு எழுப்புறேன்" அப்படின்னீங்க. அதோட விடல. தினமும் ராத்திரி ஒரு மணிக்கு ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வந்து பக்கத்துல உக்காருவீங்க. என்ன ஆச்சுன்னு ஒரு நாள் கூட கேட்டதில்ல. தைரியமா இரு, எல்லாம் சரியாயிரும், அந்த மாதிரி எதுவும் சொன்னதில்ல. உங்க முழங்கால் வலி, உங்க பையன் கணக்குல ஃபெயில் ஆனது, இதத்தான் பேசுவீங்க. என் தொழில்ல ஒரு விஷயம் உண்டு அண்ணே. மேல இருந்து விழுற ஆள எப்படிப் புடிக்கணும்னு. மூணு செகண்ட் விழுந்தாலே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வந்துரும், அந்த ஆள டக்குனு புடிச்சு நிறுத்தினா தரைல விழுந்த மாதிரி தான், எலும்பு மிஞ்சாது. 1973ல வந்த ஒரு ஸ்பைடர்மேன் காமிக்ஸ்லயே அது உண்டு, பாலத்துல இருந்து விழுற பொண்ண அவன் வலைய வீசி சட்டுனு இழுத்து புடிப்பான், அந்த இழுப்புலயே கழுத்து போயிரும். அதனால நாங்க என்ன பண்ணுவோம்னா மொதல்ல அவங்க கூடவே அதே வேகத்துல கீழ விழுவோம், கைய புடிச்சிக்குவோம், அப்புறம் தான் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தக் கொறைப்போம். இத எனக்கு யாரும் சொல்லித் தரல, நாலஞ்சு தடவ பயந்து பயந்து கத்துக்கிட்டது. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?

அடுத்தது எழுத கஷ்டமா இருக்கு. மழை பெய்ற ஒரு ராத்திரி, மூணாவது தெரு தள்ளி ஒரு மாடி வீட்டுல தீ. எனக்கு கேட்டுச்சு, மொத பொறிலயே கேட்டுச்சு. எந்திரிக்கல. காத மூடிக்கிட்டு அப்படியே கிடந்தேன். அவளுக்கு உதவாத கை எதுக்குன்னு இருந்துச்சு, காரணம் சொல்றேன்னு நெனைக்காதீங்க, நடந்தது இதான். தீயணைப்பு வண்டி வந்துச்சு. நீங்க ஏணி ஏறுனது, உங்கள்ல ஒருத்தருக்கு மாஸ்க்குக்கு காத்து வர்ற குழாய் சிக்கி இருமுனது, "இன்னும் ஒரு குழந்த இருக்கு"ன்னு திரும்ப உள்ள போனது எல்லாம் காத மூடியும் கேட்டுச்சு. அஞ்சு பேரையும் வெளிய கொண்டு வந்தீங்க. பறக்கத் தெரியாது, தீ சுடும், கனமான டிரஸ்ஸு, ஆனாலும் போனீங்க. நான் செய்ய வேண்டியத நீங்க செஞ்சதுக்கு நன்றின்னு சொல்ல வந்தேன், ஆனா அது தப்பு, அது எப்பவும் உங்க வேலை தான், நான் தான் நடுவுல வந்தவன். மறுநாள் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம திரும்பிட்டேன். போன மாசம் ராத்திரி உங்க வண்டிக்கு முன்னாடி ரோட்டுல விழுந்திருந்த மரத்த யாரோ தள்ளி வச்சிருந்தாங்கல்ல, அது நான் தான்.

பழைய வீட்டுக்குக் கீழ் வீட்டுல இருந்த அக்கா, உங்களுக்கு நான் பண்ணதெல்லாம் தொந்தரவு மட்டும் தான், ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டமாடில தொப்புனு எறங்குற சத்தத்துக்கு பூனைன்னு நெனச்சு எத்தன தடவ திட்டியிருப்பீங்க. ஆனா என் அட்ரஸ் பிரச்சனைய தீத்தது நீங்க தான். வீடு இல்லன்னா அட்ரஸ் இல்ல, அட்ரஸ் இல்லன்னா கார்டு புதுப்பிக்க முடியாது, கார்டு இல்லன்னா பேங்க் கணக்கு இல்ல, கணக்கு இல்லன்னா சம்பளம் போட மாட்டாங்க, சம்பளம் இல்லன்னா வீடு இல்ல. இந்த வட்டத்த எந்த பலத்தாலயும் ஒடைக்க முடியல, நான் செவுத்த ஒடச்சிருக்கேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டீங்க, "என் தம்பி மாதிரி, இங்க தான் இருக்கான்"ன்னு. விசாரிக்க வந்தவர்கிட்ட என் செருப்புன்னு உங்க வீட்டுக்காரர் செருப்ப காட்டினீங்களாமே! இப்ப குடோன்ல நைட் ஷிப்ட் லோடு ஏத்துற வேலை, அந்த அட்ரஸ்ல தான் கெடச்சது. எல்லாரும் ரெண்டு மூட்ட தூக்குனா நானும் ரெண்டு தான் தூக்குறேன், மூச்சு வாங்குற மாதிரி நடிக்கிறது தான் கஷ்டம். ஒரு சின்ன ரூமும் கெடச்சிருச்சுக்கா.

நான் தோள்ல கட்டிக்கிற கேப் துணிய காசு வாங்காம தச்சுக் குடுத்த டெய்லர் ஐயா, நாடகத்துக்குன்னு சொன்னத நீங்க நம்பலன்னு எனக்குத் தெரியும், கருகுன இடத்த மட்டும் டபுள் தையல் போட்டிருக்கீங்க. முடி வெட்டிவிட்ட அண்ணன், உங்க மூணு கத்திரி மழுங்கிப் போனதுக்கு காரணம் கத்திரி இல்ல, என் முடி. மூணுக்கும் சேத்து வாங்கித் தரேன்.

கடைசியா ஒருத்தர், யாருன்னே தெரியல. அதே மழை ராத்திரி, தீ அணைஞ்சப்புறம், நான் காத மூடிக்கிட்டே எப்பவோ தூங்கிட்டேன் போல. முழிச்சப்ப தலைக்கு மேல ஒரு குடை, காத்துல பறக்காம இருக்க பிடிக்கு மேல ஒரு செங்கல் வேற வச்சிருந்துச்சு. சின்னக் குடை, பள்ளிக்கூடத்துப் பசங்க கொண்டு போறது, ஓரத்துல நீல கலர்ல வாத்து படம். இந்த காதுக்கே தெரியாம நீ எப்படி பக்கத்துல வந்தன்னு எனக்கு இன்னும் புரியல, ஒருவேள செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வந்தியோ என்னமோ. எந்திரிச்சு அந்த குடையோட ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், அதுக்குள்ள உக்காந்தா மழை சத்தம் மட்டும் தான் கேட்டுச்சு, வேற எதுவும் கேக்கல. தம்பியோ பாப்பாவோ, குடை பத்திரமா இருக்கு. வீட்டுல தொலச்சிட்டேன்னு திட்டு வாங்கியிருப்ப, அதுக்கு சாரி. கம்பி ரெண்டு வளைஞ்சிருந்துச்சு, சரி பண்ணிக் குடுக்கலாம்னு கையாலயே நிமித்தினேன், கொஞ்சம் ஓவரா நிமித்திட்டேன் போல, இப்ப மடக்க வரல. விரிச்ச மாதிரியே தான் கொண்டு வரணும். அந்த படிக்கட்டுகிட்ட செக்யூரிட்டி அண்ணன்கிட்ட குடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்கோ.