படிவத்தை வாங்குமுன் ஒரு வரி பாடக் கேளுங்கள்

திருகோணமலையில் இசைப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும் அவற்றில் நடுவர்களாக அமர்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் சங்கீதம் முறையாகப் படித்தவள் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறேன், அவ்வளவுதான். இந்த மடலை எழுத வைத்தவன் என் அக்காவின் மகன். வயது 19. வாகனம் திருத்தும் கராஜில் வேலை செய்கிறான்.

போன தவணை ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனான். சங்கீதப் பரீட்சையில் எத்தனையாம் தரம் சித்தியடைந்திருக்கிறான் என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்றதும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "ஒரு வரி பாடிக் காட்டட்டோ எண்டு கேட்டனான் சின்னம்மா, வேண்டாம் எண்டிட்டினம்" என்றான். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவன் நெடுநேரம் கழுவிக்கொண்டே நின்றான்.

அவன் பாடுவதை நீங்கள் கேட்டதில்லை. நான் சொல்கிறேன். ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஒரு வானுக்குக் கீழே காட்போட் மட்டையில் மல்லாந்து படுத்தபடி தவக்காலப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தான். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. பக்கத்தில் காற்றடிக்கிற கொம்பிரசர் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. அவன் கத்தவில்லை. மேல் சுரத்துக்குப் போனபோது குரல் மெலியவும் இல்லை, இன்னும் அகன்றது.

பாட்டாலேயே நடத்துகிற மேலைநாட்டு இசைநாடகமான ஓபராவில் டெனர் என்று சொல்லப்படுகிற உச்ச ஆண்குரலுக்கு வேண்டிய அடிப்படையே இதுதான். அங்கே மைக் இல்லாமல் ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். வாத்தியங்களின் ஒலி ஏறத்தாழ 500 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பகுதியில்தான் திரண்டிருக்கும், மேலே போகப்போக மெலியும். பயின்ற பாடகரின் குரலிலோ 3000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு தனிச் செறிவு உண்டு. நம் காதும் அந்தப் பகுதியில்தான் கூர்மை. அதனால்தான் ஒரு தனி மனிதக் குரல் அத்தனை வயலின்களுக்கு நடுவிலும் கேட்கிறது.

ஆல்பி போ என்ற ஆங்கிலேய டெனரைப் பற்றி வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. 1973இல் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் கடைசி. வளர்ந்த ஊர் ஃபிளீட்வுட், எங்கள் ஊரைப் போலவே மீன்பிடியை நம்பிய கடற்கரைப் பட்டினம். பள்ளிக்கூடம் முடிந்ததும் டி.வி.ஆர். கார்த் தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை பழகப் போனார். காரைப் பளபளப்பாக்கிக்கொண்டே ஓபராப் பாட்டுகளைப் பாடுவாராம். அதைக் கேட்ட ஒரு வாடிக்கையாளர், லண்டனில் டோய்லி கார்ட் ஓபராக் குழு ஆள் எடுக்கிறது, போய்ப் பாடிக் காட்டு என்றார். போனார், எடுத்துக்கொண்டார்கள். ரோயல் இசைக் கல்லூரிப் படிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். இடையில் ஒரு ரொக் இசைக்குழுவோடும் பாடினார். 2002இல் நியூயோர்க் பிரோட்வே அரங்கில் புச்சீனியின் 'லா போஎம்' ஓபராவில் நாயகன் ரொடோல்ஃபோவாக மேடையேறினார். மறுவருடம் அந்த நடிகர் குழுவுக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி கௌரவம் கிடைத்தது.

அந்த வாடிக்கையாளர் அன்று கேட்டது பாட்டை மட்டும்தான்.

உலகம் முழுக்கத் தெரிந்த டெனர் பவரொட்டியும் பெரிய இசைக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. இத்தாலியில் மொடெனா ஊர். தகப்பன் பாண் சுடுகிறவர், தாய் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை. தகப்பனுக்கும் நல்ல குரல். மேடைப் பதற்றத்தால் அதைத் தொழிலாக்கவில்லை. தகப்பனும் மகனும் ஊர்ப் பாடகர் குழுவில் ஒன்றாக நின்று பாடினார்கள். 1955இல் வேல்ஸ் நாட்டு லாங்கோலன் விழாவில் அந்தக் குழு முதல் பரிசு வாங்கியது. அப்புறம் பவரொட்டி சிறுவர் பள்ளியில் படிப்பித்தார், காப்புறுதி விற்றார். இத்தனைக்கும் நடுவில் அரிகோ போலா என்ற டெனர் அவருக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1961இல்தான் முதல் ஓபரா மேடை. பவரொட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் போலாவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அவர்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார்.

அமெரிக்க டெனர் லோரன்ஸ் பிரவுன்லீயும் தேவாலயப் பாட்டிலிருந்து வந்தவர்தான்.

பயிற்சி தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குரல் இருந்தால் மட்டும் போதாது. மூச்சும் மொழியும் படிக்க வருடக்கணக்கு வேண்டும். ஆனால் வாசலிலேயே தரச் சான்றிதழைக் கேட்டால் படிக்க வேண்டியவன் உள்ளேயே வரமாட்டான். மாதாமாதம் வகுப்புக்குக் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளிடம்தான் அந்தச் சான்றிதழ் இருக்கிறது.

சாம்பல்தீவுப் பக்கம் கரைவலை இழுக்கும்போது நின்று பாருங்கள். அம்பா என்கிற இழுவைப் பாட்டைப் பாடுகிறவர் முதலில் எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்தவர்கள் எல்லோரும் வாங்கிப் பாடுவார்கள். அலை இரைச்சலுக்கு மேலால் அந்த ஒற்றைக் குரல் கயிற்றின் கடைசி ஆள்வரை போக வேண்டும், இல்லாவிட்டால் இழுவை பிசகும். மைக் வருமுன் கூத்துக் களரியில் விடியவிடியப் பாடினவர்களும் அப்படித்தான் தொண்டையைப் பழக்கினார்கள். இந்தப் பழக்கத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். எல்லோரையும் கேட்பதென்றால் நாள் போதாது என்பீர்கள். சரி, ஆளுக்கு 1 நிமிடம் கொடுங்கள். மைக் வேண்டாம். மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். நல்ல குரலாகப் பட்டால் பரிசு கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். இந்த ஊரில் அப்படிச் சொல்லிக்கொடுக்க மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள், நானே இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன்.

இன்னொன்று. கராஜ் சனிக்கிழமையும் திறந்திருக்கும், மீன்பிடிக்கிறவர்களுக்கு விடியற்காலை தோதுப்படாது. ஞாயிறு பின்னேரம் 3 மணிக்குப் பிறகு வைத்தால் எல்லோரும் வரலாம். மண்டபம் கூட்டித் துடைக்கவும் கதிரை அடுக்கவும் எங்கள் பாடகர் குழு வரும்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து ஒரு சின்னம்மா