கொல்லைப் பறவைகளும் நம் ஆறும்: பொங்கல் கணக்கெடுப்புக்கு முன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாகக் காலை ஆறரைக்குக் கொல்லையில் உட்கார்ந்து பறவைகளைக் குறித்து வருகிறேன். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு, முருங்கைப் பூவில் ஊதாத் தேன்சிட்டு, மதில்மேல் ஒரு செம்போத்து. கொல்லைக்கு இது நல்ல கணக்குதான்.

அப்புறம் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நடுவே ஓடி, காவிரியில் சேரும் ஆறு. மழைக்கு மறுநாள் செம்மண் நிறத்தில் ஓடியது. இரண்டே நாளில் பழையபடி கறுப்பு, நுரை, நாற்றம். பார்க்கவே மனசு வலிக்கிறது. அங்கே நெடுங்கால் உள்ளான்கள் இருபது நின்றன. பறவை வந்துவிட்டது, ஆறு தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கழிவுநீரில் பெருகும் புழு, பூச்சிக்காகவும் அவை வரும். வெண்மார்பு மீன்கொத்தியை வைத்தும் சொல்ல முடியாது. ஓணான், வெட்டுக்கிளி கிடைத்தாலே அது பிழைத்துக்கொள்ளும். சிறு மீன்கொத்தி அப்படியல்ல, தண்ணீருக்குள் மீன் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பாயும். அதை எங்கே பார்த்தாலும் இடம், நாள், நேரத்தோடு இங்கே போடுங்கள். ஆற்றைப் படம் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் பாலத்தில் ஒரே இடத்தில் நின்று எடுங்கள், ஒப்பிட வசதி.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இந்த முறையும் 4 நாள்தான். 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும். எண்ணியதைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலி புதிது என்பவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், பொறுமையாகச் சொல்லித் தருகிறேன்.