தோளில் அடிபட்டவர்களுக்கு இரண்டாவது கோண எக்ஸ்ரேயைக் கட்டாயமாக்கக் கோரி மனு

அனுப்புநர்: நுண்கதிர் வீச்சாளர்கள், எக்ஸ்ரே பிரிவு, அரசு மருத்துவமனை.
பெறுநர்: செயலாளர் அவர்கள், சுகாதாரத் துறை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தோளில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு முன்னாலிருந்து ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பு சரியாக இருக்கிறது என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது இன்னும் நடக்கிறது. அந்த ஒற்றைப் படத்தை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதே எங்கள் கோரிக்கை.

தோள் மூட்டு பெரும்பாலும் முன்பக்கம்தான் விலகும். அது ஒரு படத்திலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். பின்பக்கம் விலகுவதுதான் ஏமாற்றும். மொத்த விலகல்களில் இது 2 முதல் 4 சதவீதம்தான். ஆனால் வலிப்பு வந்தவர், மின்சாரம் தாக்கியவர் என்றால் இதைச் சந்தேகித்தே ஆக வேண்டும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் மேற்கை எலும்பின் தலை தோள் மூட்டுக் கிண்ணத்திலேயே இருப்பதுபோலத் தோன்றும். கை உள்நோக்கித் திரும்பி மாட்டிக்கொள்வதால் அந்தத் தலை குண்டு பல்பு போல உருண்டு தெரியும். நள்ளிரவு நெரிசலில் அதை யார் உற்றுப் பார்ப்பது? வாரக்கணக்கில் கவனிக்காமல் விட்டால், வெறும் கையால் இழுத்துச் சேர்க்க முடியாமல் அறுவை சிகிச்சைவரை போய்விடும்.

அக்குள் வழியாக எடுக்கும் ஆக்ஸிலரி படம் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். வலியில் கையைத் தூக்க முடியாதே என்பார்கள். தூக்க வேண்டாம். கையைத் தாங்கும் ஸ்லிங் கட்டைப் போட்டபடியே பின்னால் சாயச் சொல்லி மேலிருந்து எடுக்கும் வெல்போ முறை இருக்கிறது. அதுவும் முடியாதவருக்கு, தோள்பட்டை எலும்பு ஆங்கில ஒய் (Y) எழுத்துபோலத் தெரியும்படி பக்கவாட்டில் எடுக்கும் ஒய் படம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், சில நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். கதிர்வீச்சும் மிகக் குறைவு.

அப்புறம், 40 வயதைத் தாண்டியவர்கள். மூட்டைச் சேர்த்த பிறகும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், நரம்பு அடிபட்டிருக்கலாம். எக்ஸ்ரேயில் இவை தெரியாது. எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. முழுதாகக் கிழிந்த தசைநாரை அல்ட்ராசவுண்டே காட்டிக்கொடுக்கும். எலும்பு பல துண்டாக நொறுங்கியிருந்தால் மட்டும் சி.டி. ஸ்கேன் போதும்.

ஆகவே, தோள் காயத்துக்கு இரண்டு கோணப் படமும், மூட்டைச் சேர்த்த பின் மறுபடமும் கட்டாயம் என எழுத்துமூலம் உத்தரவிட வேண்டுகிறோம். எக்ஸ்ரே கோரும் சீட்டில் அடிபட்ட விதத்தை எழுத ஓர் இடம் ஒதுக்க வேண்டும். "வலது தோள், வலி" என்று மட்டும் வரும் சீட்டை வைத்து எங்களால் எதையும் ஊகிக்க முடிவதில்லை. வெல்போ முறை தெரியாத ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
நுண்கதிர் வீச்சாளர்கள்