வியூகம் வீரர்களிடமிருந்து தொடங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் இளைஞர் பகுதியில் கடந்த வாரம் கைபேசிக் கால்பந்து விளையாட்டைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இ-ஃபுட்பால் என்ற அந்த விளையாட்டை ஆடுபவர்கள், பின்களத்திலிருந்து முன்களம் வரை வரிசைக்கு இத்தனை பேர் என்று 4-2-1-3 கணக்கில் வீரர்களை நிறுத்தி, 'குயிக் கவுன்ட்டர்' என்ற ஆட்டபாணியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வெற்றி உறுதி என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் கால்பந்து கற்றுக்கொடுத்தவன் என்ற முறையிலும், இரண்டு ஆண்டுகளாகப் பேரனோடு உட்கார்ந்து இதே விளையாட்டை ஆடி வருபவன் என்ற முறையிலும், அந்த அறிவுரை பிள்ளைகளுக்குக் கால்பந்தைத் தலைகீழாகக் கற்றுத்தருகிறது என்பதைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2021-இல் 'பெஸ்' என்ற தன் பழைய கால்பந்து வீடியோ விளையாட்டுக்கு இ-ஃபுட்பால் என்று பெயர் மாற்றியது. அதில் பொசஷன் கேம், குயிக் கவுன்ட்டர், லாங் பால் கவுன்ட்டர், அவுட் வைட், லாங் பால் என்ற பாணிகள் வெறும் பெயர்களாக இல்லை. பந்து நம்மிடம் இல்லாதபோது பதினொரு பேரும் எங்கே நிற்பார்கள், பந்து கிடைத்தவுடன் யார் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பதையெல்லாம் அந்த ஒரு தேர்வே பெருமளவுக்குத் தீர்மானித்துவிடுகிறது. குயிக் கவுன்ட்டரில் பந்தை இழந்த மறுகணமே நம் வீரர்கள் முன்னேறிச் சென்று எதிரணியை நெருக்குவார்கள். லாங் பால் கவுன்ட்டரிலோ கூட்டமாகப் பின்வாங்கித் தங்கள் பாதியை அடைத்துக்கொண்டு, பந்து கிடைத்ததும் நீண்ட பாஸ் ஒன்றில் முன்களத்தை எட்டப் பார்ப்பார்கள். முதலாவது பாணிக்கு வேகமாகத் திரும்பி ஓடக்கூடிய பின்கள வீரர்களும், தொண்ணூறு நிமிடமும் ஓய்ந்துபோகாத நடுக்களமும் தேவை. அந்த ஆள்கள் இல்லாத அணிக்கு அதே பாணி கேடாக முடியும்.

என் பேரனின் அணிக்கு நேர்ந்தது அதுதான். தலையால் முட்டுவதில் வல்லவர்கள் என்பதற்காக, உயரமான ஆனால் வேகம் குறைந்த இருவரை அவன் நடுப் பின்களத்தில் வைத்திருந்தான். கட்டுரையைப் படித்த அன்றே குயிக் கவுன்ட்டருக்கு மாறினான்; முதல் ஆட்டத்திலேயே 4-1 என்று தோற்றான். கைபேசியை வாங்கி அந்த நான்கு கோல்களையும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று கோல்கள் ஒரே அச்சில் வார்த்தவை. நம் ஆட்கள் பந்தைப் பறிக்க முன்னே பாய்ந்திருக்கிறார்கள், எதிரணி ஒரே பாஸில் அவர்களைக் கடந்திருக்கிறது, வலப்பக்கப் பின்கள வீரன் விட்டுப்போன இடைவெளியில் எதிரணியின் முன்கள வீரன் தனியாக ஓடுகிறான், நம் நெடியவர்கள் இருவரும் அவன் முதுகைப் பார்த்தபடி ஓடி வருகிறார்கள். "தாத்தா, இவங்க ஏன் இவ்வளவு மெதுவா ஓடுறாங்க?" என்று அவன் என்னிடம் கேட்டான். அவர்கள் என்றைக்கும் அப்படித்தான் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய வெற்றிடத்தை அதுவரை யாரும் திறந்துவைக்கவில்லை.

நாங்கள் வீரர்கள் எவரையும் மாற்றவில்லை. பாணியை லாங் பால் கவுன்ட்டராக மாற்றினோம். இந்த விளையாட்டில் அணிக்கு நாம் அமர்த்தும் ஒவ்வொரு மேலாளருக்கும் ஒவ்வொரு பாணியிலும் தனித்தனி மதிப்பெண் இருப்பதால், அந்தப் பாணியில் கூடிய மதிப்பெண் உள்ள வேறொரு மேலாளரை அமர்த்தினோம். தற்காப்பு நடுக்கள வீரர் ஒருவருக்கு 'டீப் லைன்' கட்டளை கொடுத்து அவரைப் பின்களத்தோடு சேர்த்து நிறுத்தினோம். அணியிலேயே வேகமான இடப்பக்க வீரனுக்குக் 'கவுன்ட்டர் டார்கெட்' கொடுத்து, தற்காப்புக்கு இறங்கி வராமல் முன்னாலேயே காத்திருக்கச் செய்தோம். அன்று மாலை ஆடிய நான்கு ஆட்டங்களில் இரண்டில் வெற்றி, ஒன்று சமநிலை, ஒன்றில் 1-0 என்ற தோல்வி. அந்தத் தோல்வியில்கூட அவன் கலங்கவில்லை. கோல் எங்கிருந்து வந்தது என்று அவனாகவே காட்டினான்.

மைதானத்தில் நடப்பதும் இதுவே. 2015-16 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீகை லெஸ்டர் சிட்டி வென்றபோது, பெரும்பாலான ஆட்டங்களில் பந்து எதிரணியின் காலில்தான் அதிக நேரம் இருந்தது. வெஸ் மோர்கனும் ராபர்ட் ஹுத்தும் வேகமானவர்கள் அல்லர் என்பதால் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி தற்காப்பு வரிசையைத் தாழ்த்தியே வைத்தார். அவர்களுக்கு முன்னால் பந்தைப் பறிக்க என்கோலோ கான்டே இருந்தார், பறித்த பந்தைத் துரத்த ஜேமி வார்டி இருந்தார். 2016 பிப்ரவரியில் லிவர்பூலுக்கு எதிராக ரியாத் மஹ்ரேஸ் தம் பாதியிலிருந்து அனுப்பிய நீண்ட பாஸை ஒருமுறை தரையில் எழும்பவிட்டு, தொலைவிலிருந்தே வார்டி கோலாக்கிய காட்சியைப் பார்த்தவர்களுக்கு, அந்த அணி ஏன் அப்படி ஆடியது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அந்தப் பருவத்தின் 38 ஆட்டங்களில் லெஸ்டர் தோற்றது மூன்றில் மட்டுமே. மாறாக, 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்களைக் கொடுத்த ஸ்பெயின், 1-1 என்ற சமநிலைக்குப் பின் பெனால்டியில் வெளியேறியது.

குயிக் கவுன்ட்டர் நல்ல பாணிதான். அதற்கேற்ற வீரர்கள் உள்ள பிள்ளைகள் தாராளமாக ஆடட்டும். என் வருத்தமெல்லாம், இந்த விளையாட்டை ஆடும் பிள்ளைகளில் பலருக்கு இந்த ஆங்கிலப் பெயர்கள் மனப்பாடமாக இருக்க, அவற்றின் பொருளைத் தமிழில் எடுத்துச்சொல்ல ஆளில்லை என்பதுதான். அதைச் செய்யக்கூடிய இடம் தங்கள் நாளிதழ். ஆகவே, வெற்றி தரும் ஒரே வியூகம் என்று எதையும் அறிவிக்காமல், ஒவ்வொரு பாணியும் எத்தகைய வீரர்களைக் கேட்கிறது, அவர்கள் இல்லாவிட்டால் எங்கே ஓட்டை விழும் என்று வாரம் ஒன்றாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். லாங் பால் கவுன்ட்டரைப் பற்றி எழுதும் வாரத்தில், தயவுசெய்து அந்த மெதுவான பின்கள வீரர்களிடமிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.