செயலாளரின் ஆண்டறிக்கை, 2024 ஜூலை – 2025 ஜூன்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

இந்த ஆண்டில் எங்கள் பிராணிநலச் சங்கத்தின் செயற்குழு ஒன்பது தடவை கூடியது. இரண்டு தடவை போதிய ஆட்கள் வராமல் தேநீரோடு கலைந்தோம். செப்டெம்பர் 28, உலக விசர்நாய்க்கடி நோய்த் தினத்தில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. பூனைகளுக்கான கருத்தடை வேலை வழக்கம்போல் தொடர்கிறது.

மிச்சம் முழுவதும் சின்சில்லாக்களைப் பற்றியது. எலி இனத்தைச் சேர்ந்த, ரோமம் அடர்ந்த சிறு பிராணி அது. “வெளிநாட்டு எலிக்கு ஏசியா?” என்று வட்ஸ்அப் குழுவில் கேட்டவர்களுக்கு அங்கே நான் பதில் எழுதவில்லை. இங்கே சொல்கிறேன்.

2024 நவம்பர் 17 அன்று, பம்பலப்பிட்டியில் ஒரு மாடிவீட்டின் காவலாளி என்னை அழைத்தார். குடியிருந்தவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். ஒரே கூட்டில் நான்கு சின்சில்லாக்கள், மேலே ஒரு ஃபான், தட்டில் சூரியகாந்தி விதையும் உலர் திராட்சையும். நாலும் பெண் என்று சொல்லித்தான் விற்றார்களாம். பெண் சின்சில்லாவுக்கும் ஆணுக்கு இருப்பதுபோல ஒரு சிறு கூம்பு இருக்கும். பலர் ஏமாறுவது அதில்தான். கூம்புக்கும் மலவாசலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் ஆண், ஒட்டியிருந்தால் பெண். மிருக வைத்தியர் பார்த்தபோது ஒன்று ஆண். அதை அன்றே பிரித்து வைத்தோம். அப்படியென்றால் மற்ற மூன்றும் சினையாக இருக்கலாம்.

இவற்றின் சினைக்காலம் 111 நாள். எலி இனத்துக்கு இது மிக நீளம். ஆணைப் பிரித்த நாளிலிருந்து எண்ணினால் 2025 மார்ச் 8. அதுவரை மூன்றையும் சினை என்றே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். வயிற்றை அமுக்கிப் பார்க்க யாரையும் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் உட்காரவைத்து நிறை எழுதினோம். உலர் திராட்சையை நிறுத்தி, திமோதி உலர்புல்லும், சுண்ணாம்புச் சத்துக்காகக் கொஞ்சம் அல்பால்பா என்ற தீவனச் செடியும் கொடுத்தோம். இங்கே புல்லைக் காயவைத்தால் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆகவே இறக்குமதிப் புல்தான். உணவுச் செலவு ஏறியதற்குக் காரணம் இதுதான், வேறொன்றுமில்லை.

ஏசிக்கு வருவோம். சின்சில்லா அந்தீஸ் மலைக்காரப் பிராணி. ஒரே மயிர்க்காலில் அறுபது மயிர்வரை அடர்ந்திருக்கும். அந்த ரோமத்துக்காகவே சிலியில் வேட்டையாடி அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். 25 பாகைக்கு மேலே போனால் அதற்கு ஆபத்து தொடங்குகிறது. கொழும்பில் பெரும்பாலும் நள்ளிரவிலும் அதைவிடச் சூடு. தண்ணீர் தெளித்துக் குளிரவைக்கவும் முடியாது, நனைந்த ரோமம் காயாது. அதன் குளியலே தூசியில்தான். என் வீட்டுப் பின்னறையில் ஏசி ஓடியது சொகுசுக்கு அல்ல.

அறையைப் பார்த்துக்கொள்ள டிசெம்பர் பொதுக்கூட்டத்தில் பதினான்கு பேர் கை தூக்கினீர்கள். ஜனவரி முடிவில் வந்துகொண்டிருந்தவர்கள் மூன்று பேர்.

ஜனவரி 26 விடிகாலை மல்லி என்று பிள்ளைகள் பெயர்வைத்த பெண் இரண்டு குட்டி போட்டது. நான் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது ஒன்று தாயின் வயிற்றுக்கடியில் இருந்தது. மற்றது கூட்டின் மூலையில் ஈரமாக, அசையாமல் கிடந்தது. கண் திறந்திருந்தது, பிறக்கும்போதே ரோமமும் பல்லும் திறந்த கண்ணுமாகத்தான் பிறக்கும். துவாயால் துடைத்து, உள்ளங்கைக்குள் மூடி, நெஞ்சோடு வைத்திருந்தேன். இருபது நிமிடம் இருக்கும், கையில் ஏதோ இலேசாகக் கீறியது போல இருந்தது. அது கால். தராசில் 38 கிராம். தாயிடம் விட்டதும் நேரே பாலுக்குப் போனது. தாய்க்குச் சூடு ஆகாது, குட்டிக்குக் குளிர் ஆகாது. ஏசியைக் கொஞ்சம் ஏற்றி, மடித்த போர்வைத்துணியோடு ஒரு பெட்டியும் வைத்தோம். ஒன்றரை வாரம் தாய்க்குத் தூசிக் குளியல் இல்லை. தாய் ஈன்ற அன்றே மறுபடி சினைப்படக் கூடியது. நவம்பரிலேயே ஆணைப் பிரித்தது எவ்வளவு நல்லது என்று அன்று விளங்கியது.

பெப்ரவரி 9, ஞாயிறு. நாடு முழுவதும் கரண்ட் போன நாள். அன்று முறை இருவருடையது. பெயர் சொல்லவில்லை. இருவரும் தொலைபேசி எடுக்கவில்லை. மதியத்துக்குள் அறை 28 பாகை. இரண்டாவது பெண்ணின் காது சிவந்து, பக்கவாட்டில் நீட்டிப் படுத்துவிட்டது. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கடை கடையாக ஐஸ் தேடி, போத்தல்களில் அடைத்துத் துவாய் சுற்றி, தரை ஓடுகளுக்குப் பக்கத்தில் அடுக்கினோம். கரண்ட் வரும்வரை நகரவில்லை. அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு, அதற்கும் ஐஸ்தான். மார்ச் 2 அன்று அந்தப் பெண் ஈன்றது ஒரே குட்டி, உயிரில்லை. சூட்டினால்தான் என்று வைத்தியர் உறுதியாகச் சொல்லவில்லை. நான் அப்படித்தான் நினைக்கிறேன். அன்று இன்னும் நான்கு கை இருந்திருந்தால் ஐஸ் ஒரு மணிநேரம் முந்தி வந்திருக்கும். மூன்றாவது பெண் சினையே இல்லை. மார்ச் 9 காலைதான் அது நிச்சயமானது.

மல்லியின் குட்டிகளில் ஒன்று ஆண். எட்டு வாரத்தில் தாயிடமிருந்தும் தங்கையிடமிருந்தும் பிரித்தோம், இல்லையென்றால் கணக்கு மறுபடி தொடங்கிவிடும். எல்லாம் நலம்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்குச் சரி, மின்கட்டணத்தில் ஒரு பகுதி தவிர. அதை யார் கட்டினார்கள் என்று நான் எழுதவில்லை. சந்தா பாதிப்பேருக்கு மேல் நிலுவை. சிலருக்கு மூன்று ஆண்டு.

இலவசமாக வந்து பார்த்த வைத்தியருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும், முறை தவறாமல் வந்த மூவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் நான் இருப்பேனா என்பதைச் சபைதான் தீர்மானிக்க வேண்டும். யார் இருந்தாலும் ஆறு சின்சில்லாவும் இருக்கும். பதினைந்து வருடம்கூட வாழக் கூடியவை. குளிரூட்டிய அறை உள்ளவர்கள் இரண்டை எடுத்துக்கொள்ள முன்வந்தால் பாதிச் சுமை குறையும். வாசல் மேசையில் முறை அட்டவணை வைத்திருக்கிறேன். ஓகஸ்ட் மாதக் கட்டங்களில் இப்போதைக்கு என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

செயலாளர்