லோபேசி என்ற பெயரைப் பிடித்துக்கொள்

அன்புள்ள முருகேசா,

நீ ஆத்தூரிலிருந்து குச்சிக்கிழங்கு இலை போட்டு அனுப்பிய பழைய மருந்து பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. அந்த இலையில் பழுப்பாக உப்பிக் கிடந்த மாவுப்பூச்சிகளைத் தொடாமல் வைத்திருந்தேன். நாலாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்றின் உடம்பில் வட்டமாக ஓட்டை. பாட்டில் மூடியில் குளவி! மாவுப்பூச்சிக்குள் வளர்ந்து, அதைக் கொன்று வெளியே வரும் குளவி. ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இந்தக் குளவியை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அனகைரஸ் லோபேசி என்றார்கள், பழைய புத்தகத்தில் எபிடினோகார்சிஸ் லோபேசி என்று இருக்கிறது, இரண்டும் வேறு வேறா என்று கேட்டிருந்தாய். ஒன்றேதான். 1964இல் அர்ஜென்டினாவின் பூச்சியியலாளர் டி சாண்டிஸ் இதற்கு அபோஅனகைரஸ் லோபேசி என்று பெயர் வைத்தார். 1981இல் மாவுப்பூச்சியை ஒடுக்க நைஜீரியாவில் கொண்டுபோய் விட்டார்களே, அந்தக் காலத்துக் கட்டுரைகளில் எபிடினோகார்சிஸ். அப்புறம் மறுபடி அபோஅனகைரஸ், இப்போது அனகைரஸ். பேரினம், அதாவது பெயரின் முதல் சொல், மாறினால் முதலில் பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போடுவது விலங்கியல் வழக்கம். அதனால் டி சாண்டிஸைச் சுற்றி அடைப்புக்குறி வந்தது, போனது, திரும்ப வந்தது. லோபேசி மட்டும் மாறவே இல்லை. பழைய கட்டுரை தேடினால் அதைப் பிடித்துக்கொள்.

நுண்ணோக்கியில் வைத்தபோது எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. நடுக்காலைப் பார்க்க வேண்டும் நீ. கணுவில் தடித்த முள் ஒன்று, அதற்கு மேலே மார்பின் பக்கத் தகடு பானை வயிறு மாதிரி புடைத்திருக்கிறது. குதிப்பதற்கான தசை அதற்குள்தான். பெண்ணுக்கு உணர்கொம்பின் அடிக்கணு தட்டையானது. ஆணின் கொம்பில் நீள நீளமாக மயிர். பெண்குளவி சின்ன மாவுப்பூச்சியில் ஆண் முட்டையும் பெரியதில் பெண் முட்டையும் இடுகிறது பெரும்பாலும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதே. இந்தக் குளவியைத் தேடி முதலில் தென் அமெரிக்காவின் வடக்கே அலைந்தார்கள். அங்கே கிழங்குச் செடியில் இருந்தது வேறு மாவுப்பூச்சி. அதில் ஆணும் உண்டு, நம் வயலுக்கு வந்ததிலோ பெண் மட்டும்தான். அது வேறு இனம் என்று வகைபிரித்துச் சொன்ன பிறகுதான் தெற்கே பராகுவே வரை போய் 1981இல் சரியான பூச்சியைக் கண்டார்கள். குளவியும் அங்கிருந்துதான் கிடைத்தது.

மேற்கு வரப்போரம் மருந்து அடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம், குளவியும் செத்துப்போகும். பழுப்பு மம்மிகள், அதாவது குளவி உள்ளே வளர்ந்து உப்பிச் செத்த மாவுப்பூச்சிகள், அங்கேயும் இருக்கிறதா என்று குருத்து இலையைப் புரட்டிப் பார். இருந்தால் இன்னொரு பாட்டில் அனுப்பு. மூடியில் ஊசியால் நாலு ஓட்டை போட மறக்காதே. பெண்குளவிகள் எத்தனை என்று எண்ணிச் சொல்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்