நாள் முழுக்க டைப் செய்பவருக்கு எந்தக் கீபோர்டு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி முன் உட்காருபவர்களின் கண் எரிச்சல், கழுத்து வலி, இடுப்பு வலி பற்றியெல்லாம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. கையைப் பற்றித்தான் யாரும் பேசக் காணோம். நான் நீதிமன்றத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை நடத்துகிறவன். மனு, கிரையப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை தமிழும் ஆங்கிலமுமாகத் தட்டுவதுதான் பிழைப்பு. எங்கள் தெருவில் இதே தொழில் செய்பவர்களிடம் தைல வாசனையும் மணிக்கட்டில் சுற்றிய கிரேப் பேண்டேஜும் சகஜம். ஆனாலும் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, மானிட்டர் எத்தனை இஞ்ச் என்று துருவித் துருவிக் கேட்கிற நாம், கீபோர்டு என்று வரும்போது மட்டும் "அதுல ஒண்ணு சேர்த்துக் குடுங்க" என்று முடித்துவிடுகிறோம். பல அலுவலகக் கொட்டேஷன்களில் அதற்குத் தனி வரி கூட இருக்காது. நாள் முழுக்க நம் கை படுவது அது ஒன்றின் மேல்தான்!

சேர்த்துக் கொடுக்கிற அந்த 500 ரூபாய் கீபோர்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே ஒரு ரப்பர் ஷீட், ஒவ்வொரு கீக்கும் நேர்கீழே அதில் ஒரு சின்னக் குமிழ், அதற்கும் அடியில் மின்கோடு அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், அவ்வளவுதான். குமிழ் முழுக்க அமுங்கித் தாளில் போய் முட்டினால்தான் எழுத்து விழும், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் தரை தொட்டுத் திரும்ப வேண்டும். புதிதாக இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. நாள்பட நாள்பட ரப்பர் தொய்ந்து, அதிகம் தட்டும் கீகள் மட்டும் மக்கர் செய்ய ஆரம்பிக்கும், நாமும் நம்மை அறியாமல் அந்த விரல்களுக்குக் கூடுதல் பலம் கொடுத்து அடிப்போம். அதிலும் ஃபேசிட், ரெமிங்டன் டைப்ரைட்டர் மிஷினில் பயின்று லோயர், ஹையர் தேர்வு பாஸ் செய்தவர்கள் இருக்கிறோமே, எங்கள் அடி வேறு மாதிரி. அச்சுக்கம்பி எழும்பி ரிப்பனில் அறைய வேண்டும் என்று பழகிய விரல், கம்ப்யூட்டரிலும் அதே வேகத்தில்தான் இறங்கும்.

மெக்கானிக்கல் கீபோர்டு என்று விற்பதில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்சு, தனி ஸ்பிரிங். சுமார் 4 மில்லிமீட்டர் இறங்கும் கீ, ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே எழுத்தைப் போட்டுவிடும். அடிவரை குத்தத் தேவையில்லை என்பது விரலுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆகும், புரிந்தபின் கை தானாகவே லேசாகும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் இந்த ஸ்விட்சுகளுக்கு வைத்த வண்ணக் கணக்கைத்தான் மற்றவர்களும் பின்பற்றுகிறார்கள். சிவப்பு, தடையே இல்லாமல் இறங்கும், 45 கிராம் அளவு அழுத்தம் போதும். பிரவுன், பாதி வழியில் ஒரு சின்னத் தட்டுத் தட்டி 'எழுத்து விழுந்தாச்சு' என்று விரலுக்குச் சொல்லும். நீலம், டிக் டிக் என்று சத்தமும் சேர்த்துப் போடும், அழுத்தமும் கொஞ்சம் கூட. டைப்ரைட்டர் பழகிய கைகளுக்கு நீலத்தின் மேல் ஒரு மயக்கம் உண்டு, சத்தம் கேட்டால்தான் வேலை நடப்பது போல இருக்கும். ஆனால் நான்கு பேர் உட்காரும் அறையில் அதை வாங்கிப் போடாதீர்கள், பக்கத்துச் சீட்டுக்காரர் ஒரே வாரத்தில் சண்டைக்கு வருவார். என்னைக் கேட்டால் பிரவுன். செர்ரியின் பழைய காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல், ஔட்டெமு என்று சீன ஸ்விட்சுகள் வந்து விலையும் இறங்கிவிட்டது, 2,000, 3,000 ரூபாயிலேயே உருப்படியானது கிடைக்கிறது. ஹாட் ஸ்வாப் என்று போட்டிருந்தால் ஒரு ஸ்விட்சு போனால் அதை மட்டும் பிடுங்கி மாற்றலாம், முழுக் கீபோர்டையும் தூக்கிப் போட வேண்டாம்.

அதற்காக மெக்கானிக்கல் என்பது கைவலிக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் ஒரு தொல்லை உண்டு, உயரம். சாதாரணக் கீபோர்டை விடத் தடிமனாக இருப்பதால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியபடியே நிற்கும், வலிக்கு அந்த மடிப்பே போதும். பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கின்றன அல்லவா, வாங்கி வந்ததும் எல்லோரும் முதல் வேலையாக அதைத்தான் நிமிர்த்தி வைக்கிறார்கள். மடக்கி விடுங்கள். எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடிப்பவருக்குக் கண்ணுக்கு வசதியே தவிர கைக்கு அதனால் கெடுதல்தான். முன்னால் வைக்கும் மெத்தைப் பட்டையும் அப்படித்தான், அடிக்காமல் ஓய்வாக இருக்கும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைக்கத்தான் அது. மணிக்கட்டை அதில் ஊன்றிக்கொண்டே டைப் செய்தால், உள்ளே போகிற நரம்பை நாமே நசுக்குகிறோம்.

இனி தமிழில் டைப் செய்பவர்களுக்கு மட்டும் ஒன்று. கீபோர்டு வாங்குவது பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள், எல்லாம் ஆங்கிலம் அடிப்பவருக்கான கணக்கு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 கீபோர்டு முறையில் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்வரிசை பெரும்பாலும் வலது கையில். இரு கையும் மாறி மாறி வேலை செய்யும், ஷிஃப்ட் அநேகமாகத் தேவையில்லை, 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். நல்ல அமைப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வலது கைச் சுண்டுவிரலுக்கு வந்து சேர்ந்ததைப் பாருங்கள்: ந, ய, ண, ச, ஞ, ழ. ஆங்கிலத்தில் இந்தக் கீகள் பெரும்பாலும் அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்பு, சாய்கோடு என்று எப்போதாவது தொடுபவை. அதனால் இடத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் கம்பெனிகள் குட்டிக் கீபோர்டுகளிலும் சில லேப்டாப்களிலும் முதலில் கை வைப்பது இந்த வலது ஓரத்தில்தான், கீயை ஒல்லியாக்குவார்கள் அல்லது வேறு மூலைக்குத் தள்ளுவார்கள். நமக்கோ 'ச'வும் 'ந'வும் 'ய'வும் இல்லாமல் ஒரு வரி நகராது. கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, கையை வரிசையில் வைத்துச் சுண்டுவிரலால் அந்த ஓரத்துக் கீகளை மட்டும் அடித்துப் பாருங்கள். மற்ற கீகளின் அகலமே அவற்றுக்கும் இருக்கிறதா, விரல் எட்டுகிறதா? அப்புறம் ஸ்பேஸ்பாரின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் அழுத்துங்கள், நல்ல கீபோர்டில் ஓரமும் நடுவும் ஒன்றுபோல இறங்கும், மட்டமானது கோணிக்கொண்டு முனகும். பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்கிற கடை என்றால், பக்கத்துக் கடைக்குப் போங்கள்.

வலக்கோடியில் எண்கள் மட்டும் தனியாக இருக்கும் எண் பட்டை வேண்டுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். டாலியில் கணக்குப் போடுபவருக்கு அது இல்லாமல் முடியாது. எங்களைப் போல எழுத்து வேலை மட்டும் என்றால் அது வெறும் இடத்தைத்தான் அடைக்கும், மவுஸ் அத்தனை தூரம் வலப்பக்கம் தள்ளிப்போய், நாள் முழுக்கத் தோளை விரித்தபடியே கை நீளும். தோள்பட்டை வலிக்கு டாக்டரைப் பார்த்தவர்கள் பலருக்கு இது தோன்றியே இருக்காது. நடுவாகப் பிரித்து இரண்டு பக்கமும் சாய்த்து வைத்த கீபோர்டுகளும் இருக்கின்றன, மைக்ரோசாஃப்ட் 1994-லேயே அப்படி ஒன்றைக் கொண்டு வந்தது. மணிக்கட்டு வெளிப்பக்கம் வளையாமல் நேராக இருக்கும். விலை அதிகம், சிற்றூர்க் கடைகளில் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

என்ன கீபோர்டு வாங்கினாலும் மேசை சரியில்லை என்றால் போட்ட காசு வீண். நம் ஊர் அலுவலக மேசைகள் 30 அங்குல உயரம், அதன் முன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கீபோர்டு நெஞ்சுக்கு வந்துவிடும், தோளைத் தூக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். முழங்கை மட்டத்தில், இல்லை அதற்கும் சற்றுக் கீழே கீபோர்டு இருக்க வேண்டும். நாற்காலியை உயர்த்திக் காலுக்கு ஒரு பலகை போடலாம், அல்லது மேசைக்கடியில் இழுக்கும் தட்டு வைக்கலாம். தட்டு செய்யும் ஆசாரியிடம் மவுசுக்கும் சேர்த்து அகலம் சொல்லிவிடுங்கள். கீபோர்டு கீழே, மவுஸ் மேலே என்று பாதிக் கடைகளில் இருக்கிறது, அது இன்னும் மோசம்.

கை மதமதப்பை அலட்சியம் செய்யாதீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறீர்கள் என்றால் மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். கீபோர்டால்தான் வருகிறது என்று மருத்துவர்கள் அறுதியிட்டுச் சொல்வதில்லை, எனவே கீபோர்டை மாற்றிவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

அலுவலகங்களுக்கு மொத்தமாக வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொட்டேஷனில் கீபோர்டுக்குத் தனி வரி போடுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதில் உட்காரப் போகும் டைப்பிஸ்டைக் கூப்பிட்டு ஒரு பக்கம் தமிழ் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் மருத்துவப் பக்கம் போடும் நீங்களும், கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரையோ பிசியோதெரபிஸ்ட் ஒருவரையோ இதைப் பற்றி விரிவாக எழுத வைத்தால் எங்கள் தெருவே படிக்கும்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.